ஓட்டுபவர் எடை

சனிக்கிழமை காலையில் வந்து வண்டியைப் பார்க்கிறேன் என்று அக்கா போனில் சொன்னதிலிருந்து தராசுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டியைப் பார்ப்பதில் என்ன வந்தது? தாராளமாகப் பார்க்கட்டும். புருஷன் வண்டி, அவளுக்கு இல்லாத உரிமையா? அவனுடைய பயமெல்லாம் வண்டிக்குப் பக்கத்து அலமாரியில், மேல் தட்டில் கிடந்த நீல அட்டை நோட்டைப் பற்றித்தான். அதை அவள் பார்த்துவிட்டால் கூடப் பிறந்த ஒரே அக்கா தனக்கு இல்லை என்றாகிவிடும். காட்டாமல் மறைத்தாலோ, ஆயுசுக்கும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது.

அத்தான் போய் இரண்டு மாதம் ஆகிறது. வயிற்றில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் படுத்தது மொத்தமே பத்தொன்பது நாள். ஆனால் டாக்டர் அவரிடம் விஷயத்தைச் சொன்னது அதற்கு எட்டு மாதம் முன்னால். அது அக்காவுக்கே அவர் படுத்த பிறகுதான் தெரியும். மனுஷன் யாரிடமும் மூச்சு விடவில்லை. எல்லாம் முடிந்த அன்று, வீட்டில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்த தம்பியைப் பிடித்து நிறுத்தி அக்கா கேட்டாள்.

"உங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னாராடா? மாசம் ஒரு தடவை உன் ஷெட்டுக்குத்தானே ஓடி ஓடி வந்தாரு?"

"சொல்லலக்கா."

பொய் இல்லை. அத்தான் சொல்லவில்லைதான். ஆனால் ஒரு விஷயம் தெரிவதற்கு யாராவது வாயைத் திறந்து சொல்லித்தான் ஆகவேண்டுமா? அந்தக் கேள்விதான் இரண்டு மாதமாக அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது.

தராசு என்பது பட்டப்பெயர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் வரும். பெயின்ட் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில், வேகமாக ஓட்ட ஆசைப்படுகிறவர்களின் கார்களைத் தயார் செய்து கொடுப்பது அவன் தொழில். இன்ஜினைத் தொடமாட்டான். "இன்ஜினுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. வண்டியை ரோட்டுல ஒழுங்கா உட்கார வைக்கிறதுதான் என் வேலை" என்பான். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பிரேக், டயர், இவ்வளவுதான் அவன் உலகம். அந்த உலகத்துக்குள் கிராம் கணக்கில் சுத்தம்.

அவனிடம் நாலு தட்டை எடை மிஷின் உண்டு. சக்கரத்துக்கு ஒன்றாக அடியில் வைத்து, எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று பார்ப்பான். நாலு கால் மேசை ஆடினால் ஒரு காலுக்கு அட்டை மடித்துக் கொடுப்போம் அல்லவா, அதே வேலைதான். ஸ்பிரிங்கை ஒரு திருகு ஏற்றி ஒரு திருகு இறக்கி, வண்டியை ஆடாத மேசையாக்க வேண்டும். அப்போதுதான் கொண்டை ஊசி வளைவில் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் வெட்டாது.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. காலி வண்டியை எடை போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஓட்டுகிறவர் உள்ளே உட்கார்ந்தால் கணக்கெல்லாம் மாறிவிடும். ஆகவே தராசின் ஷெட்டில் ஒரு சட்டம்: யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் அந்த மிஷின் மேல் ஏறி நிற்கவேண்டும். என்ன எடையோ அதே எடைக்கு மணல் மூட்டைகளை எடுத்து டிரைவர் சீட்டில் அடுக்கி, பெல்ட் போட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங்கைத் தொடுவான். பத்துக் கிலோ, ஐந்து கிலோ, இரண்டு கிலோ, ஒரு கிலோ என்று கெட்டித் துணியில் தைத்த மூட்டைகள். ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு, 'ஓட்டுபவர் எடை' என்ற கட்டத்தில் எண்ணை எழுதி, மிஷின் காட்டிய எண்தான் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு டிக் அடிப்பான். எத்தனை பெரிய மனுஷன் வந்து "நான் ஒரு எழுபது இருப்பேம்பா" என்றாலும் நடக்காது. ஏறு மிஷின் மேலே.

அத்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "நான் ஒரு நாளைக்கு ஆயிரம் டன் தூக்குறேன் மச்சான், நீ ரெண்டு கிலோவுக்கு இந்தப் பாடு படுறியே" என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஏறி நிற்பார். அவர் வாங்கியது பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். மழை பெய்தால் கூரையிலிருந்து முழங்காலில் சொட்டும். கல்யாணமாகி இருபது வருஷம், பிள்ளைகள் கிடையாது, அந்த வண்டியைத்தான் கொஞ்சினார். மாதம் ஒரு ஞாயிறு ரேஸ் டிராக், ஒரு ஞாயிறு மலைப்பாதை.

அக்காவுக்கோ வண்டியைக் கண்டாலே ஆகாது. இத்தனைக்கும் அவள் சலவைக் கம்பெனி வேன் ஓட்டுகிறவள். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் விரிப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஆளே ஒருக்களித்துப் போகவேண்டிய சந்தில் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுப்பாள். "என்னைவிட நீ நல்லா ஓட்டுவ. ஒரே ஒரு தடவை மலை ஏறும்போது நீ எடு" என்று அத்தான் கெஞ்சாத நாளில்லை. "அந்தத் தகர டப்பாவுல நான் ஏறினா என் பேரை மாத்திக்கிறேன்" என்பாள்.

போன வருஷம் முதல் தடவை அத்தான் மிஷினில் ஏறியபோது எண்பத்து நாலு. புது ஷாக் அப்சார்பர் மாட்டிய நாள் அது.

"வண்டியில எங்க எடையைக் குறைக்கலாம்னு மண்டையை உடைச்சுக்கிறேன். ஓட்டுறவர்கிட்டயே மூட்டை மூட்டையா வச்சிருக்கீங்களே அத்தான்!"

"உங்க அக்கா கைமணம் மச்சான். கேஸ் போடுறதுனா அவ மேல போடு."

இரண்டு மாதம் கழித்துப் புது பிரேக் பேட் மாட்ட வந்தார். எழுபத்தொன்பது. தராசுக்கு உச்சி குளிர்ந்துபோனது. "பானெட்டை மாத்தினாக்கூட அஞ்சு கிலோ குறையாது! வாயைக் கட்டியே குறைச்சுட்டீங்களே!" என்று முதுகில் தட்டினான். நோட்டில் எழுபத்தொன்பதுக்குப் பக்கத்தில் டிக் போட்டு, சும்மா இருந்திருக்கலாம், 'சபாஷ்' என்று எழுதினான். அதற்கடுத்து எழுபத்து நாலு. அங்கேயும் ஒரு சபாஷ்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஒரு நாள் போன் செய்தாள். "ஏன்டா என் புருஷனைப் பட்டினி போடுற? கேட்டா, மச்சான் எடையைக் குறைக்கச் சொல்றான், வண்டிக்கு நல்லதுங்கறாரு. தட்டுல வச்சதை அப்படியே தள்ளி விடுறாருடா."

அதற்கு இவன் என்ன சொன்னான் தெரியுமா? சிரித்தான். "இன்னும் ஒரு அஞ்சு கிலோ குறையட்டும்க்கா. அப்புறம் பாரு, வளைவுல வண்டி எப்படித் திரும்புதுன்னு" என்றான். நான் எங்கே குறைக்கச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. தன் பெயரைச் சொல்லி ஒருத்தர் இவ்வளவு சிரத்தையாக இருக்கிறார் என்று பெருமைதான் வந்தது. அட மடையா என்று இன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டு என்ன பயன்?

அப்புறம் டிராக்கில் ஒரு ஞாயிறு. மூன்றே சுற்றில் அத்தான் உள்ளே வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. டயர் அடுக்குக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, வாயைத் துடைத்துக்கொண்டே, "பிரேக் கருகுற வாடை அடிக்குது மச்சான், அதான் குமட்டுது" என்றார். தராசு என்ன செய்தான்? நாலு சக்கரத்தையும் கழற்றினான். பிரேக் ஆயிலை மாற்றினான். ஒவ்வொரு பேடாக மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தான். பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த மனுஷனை மட்டும் பார்க்கவில்லை.

எடை குறைவான புது சீட் மாட்டிய அன்று அறுபத்தெட்டு. தோள் பெல்ட்டை இழுத்துக் கட்டும்போது அவன் கைக்குத் தோளெலும்பு முட்டியது. சதையே இல்லை. அத்தான் லேசாக முனகினார். "பெல்ட் அழுத்துதா? இருங்க" என்று ஸ்பாஞ்சு வெட்டி, உறை தைத்து, பெல்ட்டில் மாட்டிக் கொடுத்தான். எதையும் சரிசெய்து பழகிய கை, அதையும் சரிசெய்துவிட்டது. பிறகு மணல் மூட்டை அடுக்கினான். முதல் தடவை சீட்டு நிறைய உட்கார்ந்திருந்த மூட்டைகள் இப்போது பாதி உயரம்கூட வரவில்லை. மிச்சமெல்லாம் அலமாரியில் இருந்தது. எட்டு மாதமாகத் தன் கையாலேயே அத்தானை மூட்டை மூட்டையாக எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தோம் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது.

கடைசியாக வந்தபோது அத்தான் மிஷினில் ஏற மறுத்துவிட்டார்.

"அம்பத்தேழுன்னு வச்சு செட் பண்ணு."

"விளையாடாதீங்க அத்தான். ஏறி நில்லுங்க. எப்படியும் அறுபதுக்கு மேல இருப்பீங்க."

"வண்டி அடுத்து மலை ஏறும்போது சீட்டுல அம்பத்தேழுதான் இருக்கும். நான் சொல்றேன்ல, வை. சீட்டை ரெண்டு பல் முன்னாடி தள்ளு. முன்பக்கம் கொஞ்சம் மென்மையா இருக்கட்டும், இனிமே டிராக் வேண்டாம், மலை போதும்."

"சீட்டை முன்னாடி தள்ளினா உங்க முட்டி ஸ்டீயரிங்ல இடிக்குமே?"

"கிளச் மிதிக்கக் கால் எட்ட மாட்டேங்குதுப்பா. வயசாகுதுல்ல."

இவ்வளவு உயரமான மனுஷனுக்குக் கால் எட்டவில்லையாம்! தராசுக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. தன் சட்டத்தை முதல் தடவையாக மீறுகிறோமே என்ற கோபம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஐம்பத்தேழு கிலோ மூட்டை வைத்து செட் செய்தான். நோட்டில் எண்ணை எழுதினான், டிக் மட்டும் போடவில்லை. அத்தான் அன்றைக்கு வண்டியை எடுத்துப் போகவில்லை. "இங்கயே இருக்கட்டும், அப்புறம் வந்து எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் வரை நடந்துபோனார். மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரி.

சனிக்கிழமை பத்து மணிக்கு அக்கா வந்தாள். வேனை வாசலில் நிறுத்திவிட்டு, கம்பெனிச் சட்டையோடு உள்ளே வந்து வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். தொடவில்லை. அவன் துடைத்துக் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வித்துடலாம்னு இருக்கேன்டா. அவர்கூட கிரேன் ஓட்டுறவர் ஒருத்தர் கேட்கிறாரு. வீட்டு வாசல்ல இதைப் பார்த்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

"சரிக்கா."

"நீ என்ன, முகத்துல ஈயாடலையே? உடம்புக்கு என்ன?"

இரண்டு மாதமாக ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் அந்த நேரத்தில் காலை வாரிவிட்டது. அவன் எழுந்துபோய் நோட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, அவள் மடியில் வைத்தான்.

"அத்தான் சொல்லலக்கா. அது சத்தியம். ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அவள் படித்தாள். நிதானமாக, விரலை வைத்து, மேலிருந்து கீழே. எண்பத்து நாலு. எழுபத்தொன்பது, சபாஷ். எழுபத்து நாலு, சபாஷ். அறுபத்தெட்டு, சபாஷ். மூன்றாவது சபாஷில் விரல் நின்றது.

"சபாஷா?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ எடை போட்டு எழுதி வச்சிருக்க. தேதி போட்டு எழுதி வச்சிருக்க. நான் போன் பண்ணிக் கேட்டேன். சிரிச்சியேடா."

"ஆமாக்கா."

"எனக்குக் கண்ணுதான்டா இருந்துச்சு. தினம் பார்க்கிற கண்ணுக்கு என்ன தெரியும்? உங்கிட்ட நம்பர் இருந்துச்சே! பதினாறு கிலோடா! வேற யாராவது வந்து இப்படி இளைச்சிருந்தா என்ன ஏதுன்னு கேட்டிருக்க மாட்டியா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சிருந்தா காப்பாத்தி இருப்பேன்னு சொல்லல. டாக்டர் சொல்லிட்டாரு, அன்னைக்கே ஒண்ணும் பண்ண முடியாதாம். ஆனா நான் அவரோட சண்டை போட்டேன்டா. சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறாரே, என் சமையல் கசந்து போச்சா, வெளியில யார் வீட்டுல சாப்பிட்டு வர்றீங்கன்னு கேட்டேன். ஒரு தடவை தட்டைத் தூக்கி வாஷ்பேசின்ல போட்டேன். ரெண்டு வாரம் பேசாம இருந்தேன். இருந்ததே எட்டு மாசம். அதுல ரெண்டு வாரம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருந்தேன்டா நான்."

அவளுக்கு அழுகை வெடித்தது. பக்கத்தில் போய்த் தோளைத் தொடலாமா என்று அவன் கை நீண்டது, பிறகு தானாகவே திரும்பிவிட்டது. வெளியே பெயின்ட் கடையில் டின் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏன்தான் சொல்லலையோ" என்றான் மெதுவாக.

"கேட்டேன். ஆஸ்பத்திரியில வச்சுக் கேட்டேன். அம்மா படுத்துக் கிடந்த ரெண்டு வருஷமும் நான் கட்டில் பக்கத்துலயே கிடந்தேன்ல. அது முடிஞ்சு அப்போ ஒரு வருஷம்கூட ஆகல. 'உன்னை மறுபடியும் கட்டில் பக்கத்துல உட்கார வைக்க மனசு வரல'ன்னாரு. பெரிய தியாகி!"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி நோட்டைப் பார்த்தாள். விரல் கடைசி வரிக்கு இறங்கியது.

"இது ஏன் டிக் இல்ல?"

"அன்னைக்கு மிஷின்ல ஏற மாட்டேன்னுட்டாரு. அம்பத்தேழுன்னு அவரே சொன்னாரு. சீட்டை ரெண்டு பல் முன்னாடி தள்ளச் சொன்னாரு. வண்டியையும் இங்கயே விட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியலக்கா."

அக்கா நோட்டை மூடி அவன் கையில் கொடுத்தாள். பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் கிடந்த எடை மிஷின் மேல் ஏறி நின்றாள்.

"போடுடா அதை."

அவன் சுவிட்சைப் போட்டான். எண்கள் ஓடி நின்றன. ஐம்பத்தேழு.

தராசுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாசாமாசம் வீட்டு மிஷின்ல ஏறிப் பார்ப்பேன்" என்றாள் அக்கா, அந்த எண்ணைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "இருபது வருஷமா அம்பத்தேழைத் தாண்டலன்னு பீத்திப்பேன். தெரியும் தாயே, தெரியும்னு கிண்டல் பண்ணுவாரு."

இறங்கி, கதவைத் திறந்து, இத்தனை நாளாக ஏறமாட்டேன் என்ற வீம்பை விட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கிளச்சில் கால் சரியாக எட்டியது. ஸ்பாஞ்சு உறை போட்ட தோள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்து சீட்டைப் பார்த்தாள்.

"இந்த சீட்டுக்கு எவ்வளவு எடை வச்ச?"

"எதுவும் வைக்கலக்கா. ஒரு ஆளுக்குத்தான் செட் பண்ணச் சொன்னாரு."

"ஆமா. அவருக்குத் தெரியும்ல" என்றாள்.

ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு பெல்ட்டை அவிழ்த்துவிட்டு வெளியே வந்து, நேரே அலமாரிக்குப் போனாள்.

"முதல்ல எவ்வளவு இருந்தாரு? எண்பத்து நாலா?"

"எண்பத்து நாலு."

ஒரு பத்துக் கிலோ மூட்டையை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் வைத்தாள். அவன் ஓடிப்போய் அடுத்ததை எடுத்தான். இரண்டு பேரும் மாறி மாறிச் சுமந்தார்கள். பத்துக் கிலோ மூட்டை எட்டு, இரண்டு கிலோ மூட்டை இரண்டு. சாய்மானம் வரை சீட்டு நிறைந்தது. அக்கா அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்து மூட்டைகளின் குறுக்கே போட்டு, மேலே இருந்த ஒன்றை நேராக்கி, தட்டிவிட்டாள்.

ஒரு கிலோ கூடினாலே பதறுகிறவன் தராசு. எண்பத்து நாலு கிலோ அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அத்தனை நாள் திருகித் திருகி வைத்த கணக்கும் பாழ். வாயை அடக்கிப் பார்த்தான், முடியவில்லை.

"அக்கா, வளைவுல அந்தப் பக்கமா இழுக்கும்."

"இழுக்கட்டும். பக்கத்துல இருக்காருன்னு தெரியணும்ல."

சாவியைத் திருகினாள். வண்டி உறுமியது. அவன் ஜன்னல் ஓரம் குனிந்தான்.

"நான் வேன்ல பின்னாடியே வரட்டா?"

"வேண்டாம். உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. அது வர்றப்போ வரும், வராமலும் போகும். வேன்ல மூட்டை இருக்கு, பன்னிரண்டு மணிக்குள்ள ஆஸ்பத்திரியில இறக்கிடு."

கிளச்சை விட்டாள். ஒரு உதறல்கூட இல்லாமல் வண்டி நகர்ந்து, ஷெட் வாசலைத் தாண்டி, மலைப்பாதைக்குப் போகும் ரோட்டில் திரும்பியது. பக்கத்து சீட்டுப் பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. தராசு அது கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, அவள் ஸ்டூலில் விட்டுப்போன வேன் சாவியை எடுத்தான்.